எல்லாம் அம்மா வாகுதான்!

வாசகப் பெருமக்களே, உங்களுக்கு எடைஜோசியரைத் தெரியுமா? தெரியாது என்று அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். ஊருக்கு ஒருவர் என்பது பழைய கணக்கு. இப்போது வீட்டுக்கு ஒருவர், சில வீடுகளில் மாடிக்கு ஒருவர். இவருக்குக் கைரேகை வேண்டாம், பிறந்த நேரம் வேண்டாம். ஒரு குழந்தையைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினால் போதும். கன்னத்தை ஒரு பார்வை பார்ப்பார், காலை ஒரு பார்வை பார்ப்பார், தொண்டையை ஒரு தடவை செருமிக்கொள்வார், பிறகு அந்தக் குழந்தை இப்படி இருப்பதற்கு அதைப் பெற்றவள் எந்த மாதத்தில் என்ன தப்புச் செய்தாள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்போலச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

குழந்தை குண்டாக இருந்தால் அம்மா ஊட்டி ஊட்டிக் கெடுத்துவிட்டாள். ஒல்லியாக இருந்தால் அம்மாவுக்கு ஊட்டவே நேரமில்லை. இரண்டும் இல்லாமல் நடுத்தரமாக இருந்தால்? "இப்ப இப்படித்தான் இருக்கும். அம்மாவைப் பாருங்க, அப்புறம் புரியும்" என்று பெருமூச்சு விடுவார். ஆக, எப்படிப் போட்டாலும் தாயம் அவருக்குத்தான் விழும்.

அப்பாவா? அப்படி ஒரு பிராணி அவருடைய சாத்திரத்தில் கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கையெழுத்துப் போடுவதற்காக எங்கிருந்தோ ஒருவர் வருவார், பேனாவை நீட்டினால் போட்டுவிட்டுப் போய்விடுவார். அவருக்கும் குழந்தையின் கன்னத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்த ரகத்தின் உயர்ந்த மாதிரி ஒன்று என் கைவசம் இருக்கிறது. கூடப்பிறந்த அண்ணன். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், மற்றவர்கள் கண்ணைச் சோதித்துப் பிழைப்பவன். இருந்தும் சொல்கிறேன், அண்ணனுக்கு இருக்கும் பார்வைக் கோளாறுக்கு என் கடையில் கண்ணாடி கிடையாது.

அண்ணனுக்கு லிஃப்டுகளைப் பரிசோதிக்கும் வேலை. கட்டடம் கட்டடமாகப் போய், கம்பி இழுக்கிறதா, கதவு மூடுகிறதா, மேலே போனது கீழே வருகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். 'இத்தனை பேர், இத்தனை கிலோ' என்ற பலகையையே வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, மனிதர்களை மனிதர்களாகப் பார்க்கும் பழக்கம் அவரிடமிருந்து மெல்லக் கழன்று போய்விட்டது. நீங்கள் சிரித்தபடி எதிரே வந்தால், வருவது ஆளல்ல, பாரம்.

அண்ணனுக்கே ஒரு வயிறு உண்டு. அவர் ஒரு அறைக்குள் நுழைவதற்குச் சற்று முன்பாக அது நுழைந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடும். ஆனால் அது வயிறு அல்ல. "நிக்கிற தோரணைடா" என்பார்.

அண்ணி இதற்கு நேர்மாறு. பக்கவாட்டில் திரும்பினால் தேட வேண்டும். அவர்களுடைய இரண்டு பையன்களும் அண்ணியைப் பிரதி எடுத்ததுபோல இரண்டு கோடுகள். சரி, எல்லாம் அம்மா வாகு என்ற சாத்திரப்படி அண்ணிக்கல்லவா பெருமை போக வேண்டும்? அதுதான் இல்லை. "கட்டுப்பாடு! நான் வளர்த்த விதம்!" என்று அண்ணன் தன் மார்பில் தட்டிக்கொள்வார். ஒல்லி என்றால் அப்பாவின் சாதனை, பருமன் என்றால் அம்மாவின் குற்றம். எவ்வளவு வசதியான விஞ்ஞானம் பாருங்கள்!

இப்போது என் வீட்டுக்கு வாருங்கள். என் மனைவி நீச்சல் டீச்சர். வாட்டசாட்டமான உடம்பு. குளத்தில் இறங்கினால் தண்ணீர் மரியாதையாக ஒதுங்கி வழி விடும். எங்கள் மகள் அச்சு அசல் அவளேதான். உருண்டைக் கன்னம், உருண்டைக் கை, சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும்.

மகள் வயிற்றில் இருந்தபோது என் மனைவிக்கு ஓயாத வாந்தி. தண்ணீர் குடித்தால்கூடத் திரும்பி வந்தது. எலும்பும் தோலுமாய்க் கிடந்தாள். பிள்ளை பிறந்து கன்னம் வைக்கத் தொடங்கியதும் அண்ணன் தீர்ப்பு வழங்கிவிட்டார்.

"தாய் பட்டினி கிடந்தா உள்ள இருக்குற பிள்ளை பயந்துடும்டா. அடுத்த வேளை வருமோ வராதோன்னு சேர்த்து வெச்சுக்கும். வெளிய வந்தும் அந்தப் பயம் போகாது. எல்லாம் இவ செஞ்ச வேலை."

"வாந்தி வந்தது என் குத்தமா மாமா?" என்று என் மனைவி கேட்டாள்.

"குத்தம் சொல்லலைம்மா. உண்மையைச் சொல்றேன்."

என் மனைவி தண்ணீரிலேயே வாழ்கிறவள். காதில் தண்ணீர் போனால் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கொட்டிவிடுவதுபோல, அண்ணன் பேச்சையும் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். மகளுக்கு அந்த வித்தை தெரியவில்லை.

ஒரு நாள் எல்லோருமாகக் கடைவீதிக்குப் போயிருந்தோம். பெரிய கடை. லிஃப்டில் நாங்கள் ஏறும்போது அண்ணன் கையை நீட்டி என் மனைவியைத் தடுத்தார். "நீ அடுத்த நடையில வாம்மா." பலகையைப் பார்த்தால் இன்னும் பாதி ஊரே ஏறலாம். உடனே மகள் ஓடிப்போய் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டாள். அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். "பாத்தியா, இதுவும் அம்மா வாகுதான். பெரிசானா இதுக்குன்னே தனி லிஃப்ட் செய்யணும்" என்றார். உள்ளே இருந்த ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். கதவு மூடிக்கொண்டது.

மறுநாள் மகளுக்கு வயிற்றுவலி, நீச்சலுக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வயிற்றுவலி. நீச்சல் இருக்கும் நாளில் மட்டும் வந்து, இல்லாத நாளில் விடுப்பு எடுத்துக்கொள்ளும் விநோதமான வயிற்றுவலி அது. கடைசியில் ஒரு மாலை, நான் கடையில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, அம்மா மாதிரி ஆகுறது கெட்டதா?"

எழுத்துத் தெரியவில்லை என்று வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஆயிரம் பதில் உண்டு. இவளிடம் "யார் சொன்னா?" என்று மட்டும் கேட்டேன். கண்களைச் சோதிக்கும் அறையிலிருந்து என் மனைவி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று அவள் தலையைச் சாய்த்து எதையும் கொட்டவில்லை.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "விஞ்ஞானம்டா, விஞ்ஞானத்தோட கோச்சுக்கக் கூடாது" என்று என் தோளைத் தட்டி அனுப்பிவிட்டார்.

விஞ்ஞானம் அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் வீட்டுக்குச் சாப்பிட வந்தது.

அதற்கு முன் ஒருத்தியை அறிமுகம் செய்ய வேண்டும். என் மனைவிக்கு ஒரு அக்கா உண்டு. அக்கா என்றால் இவளுக்கு முன்னால் அவசரப்பட்டு வெளியே வந்தவள், அவ்வளவுதான். ஒரே கரு இரண்டாகப் பிரிந்த அசல் இரட்டை. தொலைவில் ஒரு துறைமுக அலுவலகத்தில் வேலை பார்ப்பதால் எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் கப்பல்காரி. எங்கள் கல்யாணத்தன்று புயலில் அங்கேயே மாட்டிக்கொண்டாள். அதன்பின் அவள் மட்டும் தனியாக வந்துபோன சமயங்களில் எல்லாம் அண்ணன் வெளியூரில் ஏதாவது ஒரு லிஃப்டில் இருந்தார். இரட்டை என்று அவரிடம் நாங்கள் சொல்லாமல் இல்லை. பல தடவை சொல்லியிருக்கிறோம். எடைஜோசியருக்கு வாய் பெரியது, காது வெறும் அலங்காரம்.

அண்ணன் புதிதாக வாங்கிய மேல்மாடி வீட்டுக்கு எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கப்பல்காரி குடும்பமும் அன்று வருவது தெரிந்து அண்ணி அவர்களையும் கூப்பிட்டுவிட்டார். "அவ அக்கா வீட்டுலேயிருந்தும் வர்றாங்க" என்று சொன்னதற்கு அண்ணன் "ம்" என்றாராம். நாங்கள் மூவரும் முதலிலேயே போய்விட்டோம். என் மனைவி சோபாவில் சாய்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஐஸ்க்ரீம் வாங்கக் கீழே போயிருந்தார். நாங்கள் வந்தது அவருக்குத் தெரியாது.

இனிக் கீழே நடந்ததை, கப்பல்காரி பிறகு எங்களுக்கு நடித்துக் காட்டியபடி சொல்கிறேன்.

அண்ணன் இரண்டு கையிலும் ஐஸ்க்ரீம் டப்பாக்களோடு லிஃப்டுக்குக் காத்திருக்கிறார். கப்பல்காரி வந்து பக்கத்தில் நிற்கிறாள். அண்ணன் திரும்பிப் பார்க்கிறார்.

"என்னம்மா, தனியா வர்றே? எங்க அவன்?"

கப்பல்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் யாரோ வீட்டு மனிதர்போல அன்பாகக் கேட்கிறாரே என்று, "வண்டியை நிறுத்திட்டு வர்றார்" என்றாள்.

"பொண்ணு?"

"அவரோட வர்றா."

"இன்னும் அப்படியேதான் இருக்காளா?"

"எப்படியே?"

"குண்டா." அண்ணன் பெருமூச்சு விட்டார். "நான் அன்னைக்கே சொன்னேன். அவ வயித்துல இருந்தப்ப நீ பட்டினி கிடந்தே பாரு, அதோட பலன்."

"பட்டினியா? நானா? நான் அப்ப சாப்பிட்ட சாப்பாட்டுக்கு எங்க ஆபீஸ் கேன்டீன்ல இன்னொரு அடுப்பு வெச்சாங்க!"

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறியிருப்பார்கள். எடைஜோசியர் தடுமாறுவாரா? கண்கூட இமைக்கவில்லை.

"அதைத்தான் சொல்றேன்! அளவில்லாமத் தின்னுட்டே. தாய் தின்னா பிள்ளைக்கு உள்ளயே நாக்கு பழகிடும்."

"இப்பத்தானே பட்டினின்னீங்க?"

"பட்டினியும் தப்பு, அதிகமும் தப்பு. மொத்தத்துல தப்பு உன்மேல."

இந்த இடத்தில்தான் கப்பல்காரிக்குப் பளிச்சென்று வெளிச்சம் வந்தது. தங்கை தொலைபேசியில் அழுகையும் சிரிப்புமாகச் சொல்லும் அந்த மகான் இவர்தான்! லிஃப்ட் வந்து நின்றது. அண்ணன் ஏறி, டப்பாக்களோடு நடுவில் நின்றுகொண்டார்.

"நீ படியில வாம்மா. உனக்குத்தான் நல்லது."

"ஆகட்டும் மாமா" என்றாள் கப்பல்காரி, தேன் ஒழுக.

மேலே கதவு திறந்தது. அண்ணன் உள்ளே வந்தார். சோபாவில் என் மனைவி, கால் மேல் கால் போட்டு, கடைசிச் சுளையை வாயில் போட்டுக்கொண்டு, "வாங்க மாமா" என்றாள்.

அண்ணன் அப்படியே நின்றார்.

"நீ... எப்படி... எப்ப வந்தே?"

"ரொம்ப நேரமாச்சே."

அண்ணன் திரும்பி லிஃப்டைப் பார்த்தார். அவரே பரிசோதித்த லிஃப்ட். வழியில் எங்கும் நிற்கவில்லை. வேகத்தில் இதற்கு ஈடில்லை என்று போன வாரம்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். அதை ஒருத்தி படியில் ஓடி வந்து தோற்கடித்து, உட்கார்ந்து, பழம் உரித்து, தின்றும் முடித்துவிட்டாள்! அவர் முகத்தில் திகைப்பு, தொழில்ரீதியான அவமானம், பிறகு மெல்ல மெல்ல ஒரு தெய்வீக ஒளி.

"மூச்சுகூட வாங்கலையே! டேய் தம்பி, பாத்தியா? ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், படியில வான்னு. ஒரு தடவை ஏறினதுக்கே எப்படி இளைச்சுட்டா பாரு! கீழ பாத்த ஆளே இல்லைடா இவ!"

இத்தனை வருஷத்தில் அண்ணன் வாயிலிருந்து என் மனைவிக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்து ஒரு ஐஸ்க்ரீம் டப்பாவைப் பிடுங்கி அவர் நெற்றியில் வைத்தார்.

அழைப்புமணி அடித்தது. நான் போய்க் கதவைத் திறந்தேன். வாசலில் கப்பல்காரி, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க, புஸ் புஸ் என்று மூச்சு வாங்க நின்றாள்.

"மாமா... ஏறிட்டேன்... மாமா!"

அண்ணன் வாசலைப் பார்த்தார். சோபாவைப் பார்த்தார். மறுபடி வாசலைப் பார்த்தார். கையில் மிச்சமிருந்த டப்பா கீழே விழுந்து, மூடி தனியாக உருண்டு போனது. அந்த நேரம் பார்த்து லிஃப்ட் இன்னொரு தடவை திறந்தது. உள்ளேயிருந்து கப்பல்காரியின் கணவரும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமியும் வந்தார்கள். உருண்டைக் கன்னம், உருண்டைக் கை. அவளைக் கைப்பேசியில் மட்டுமே பார்த்துப் பழகிய என் மகள் ஓடிப்போய் அவள் முன்னால் நின்றாள். இருவரும் சிரித்தார்கள். நான்கு கண்களும் ஒரே சமயத்தில் காணாமல் போயின.

சாப்பாட்டு மேசையில் கப்பல்காரி படிக்கட்டுப் படலத்தை அங்க அசைவுகளோடு அரங்கேற்றினாள். அண்ணி சிரித்துச் சிரித்துத் தண்ணீர்க் குவளையைக் கவிழ்த்தார். அண்ணன் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். என் மனைவி கையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். நான் பட்டினி கிடந்தேன். இவ கேன்டீனையே காலி பண்ணினா. ரெண்டு பிள்ளையும் ஒரே வாகு. இப்பச் சொல்லுங்க, என் தப்பு எது, இவ தப்பு எது?"

"அது... தற்செயலா இருக்கும்."

"அதைத்தான் மாமா பாக்கப் போறாங்க" என்றாள் கப்பல்காரி. "நாங்க இப்ப வந்ததே அதுக்குத்தான். ஒரு ஆராய்ச்சி நிலையத்துல எங்களை மாதிரி இரட்டைங்களையும் அவங்க பிள்ளைங்களையும் எடை பாக்குறாங்க. அம்மா எடையும் பிள்ளை எடையும் ஒத்துப்போகுதே, அது அம்மா அப்ப தின்னதாலயா, தின்னாததாலயா, இல்ல ரெண்டு பேருக்குள்ளயும் ஒரே மரபணு இருக்குறதாலயான்னு. மரபணுவுக்குத்தான் பெரிய பங்கு இருக்கும்னு அங்க சொல்றாங்க. என் மரபணுவும் இவ மரபணுவும் ஒண்ணு. அதனால என் பொண்ணு இவளுக்கும் பொண்ணு மாதிரிதான், இவ பொண்ணு எனக்கும் பொண்ணு மாதிரிதான்."

"ஆக, அம்மா கிட்டேயிருந்து வருதுன்னு நான் சொன்னது சரிதானே!" அண்ணன் துள்ளி நிமிர்ந்தார்.

"பாதி மாமா. மிச்சப் பாதி அப்பா கிட்டேயிருந்து."

மேசையில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு என்னிடமிருந்து அண்ணனைப் பார்த்தார்கள். எனக்கும் அவருக்கும் ஒரே மூக்கு, ஒரே காது. மேசை விளிம்பில் இடித்துக்கொண்டிருந்த வயிறும், அவருக்குப் பெரியது எனக்குச் சிறியது என்பதைத் தவிர, ஒன்றேதான்.

அண்ணன் வாழ்நாளில் முதல்முறையாகக் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். அது தோரணை அல்ல என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? பழக்கம் யாரை விட்டது? கை தானாக எழுந்தது, விரல் சுவரை நோக்கி நீண்டது, வாய் திறந்தது.

"எங்க அம்—"

சுவரில் எங்கள் அம்மாவின் படம்.

விரல் அந்தரத்தில் நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது. அண்ணி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அமைதியாக, மிகுந்த ஆர்வத்தோடு கேட்டார்.

"சொல்லுங்க. எந்த மாசத்துல அத்தை என்ன தப்புப் பண்ணாங்க?"

"எங்க அம்மாவைப் பத்திப் பேசாதே!"

"நான் எங்கங்க பேசினேன்? நீங்கதான் ஆரம்பிச்சீங்க."

அண்ணன் விரலை மடக்கிக்கொண்டார். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. அவருக்கு அம்மா என்றால் உயிர். அவர் தன் அம்மாவைப் பற்றி யாரும் சொல்லக் கூடாது என்று நினைத்ததைத்தான், வருஷக்கணக்காக அடுத்தவர் அம்மாவைப் பற்றி என் மகள் காது கேட்கச் சொல்லிவந்திருக்கிறார். அது அவருக்குள் இறங்குவதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். லிஃப்டைப்போல வேகமாக இல்லை. படியில் இறங்குவதுபோல, ஒவ்வொன்றாய்.

என் மகள்தான் பேசினாள். "பெரியப்பா, நான் அம்மா மாதிரிதானே?"

"ஆமாம்மா."

"கப்பல் பெரியம்மா மாதிரியும்?"

"ஆமாம்மா."

"அப்ப எனக்கு ரெண்டு தனி லிஃப்ட் வேணுமா?"

நான் தட்டைப் பார்த்தேன். என் மனைவி மகளைப் பார்த்தாள். அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துபோய், அவள் முன்னால் அந்தப் பெரிய உடம்போடு சிரமப்பட்டுக் குந்தி உட்கார்ந்தார்.

"ஒரு லிஃப்ட் போதும்டா கண்ணு. எல்லாரும் ஒண்ணாப் போகலாம். தாங்கும். பெரியப்பாதான் பரிசோதிச்சேன்."

அந்தக் கட்டடத்துக்குக் கீழே ஒரு நீச்சல்குளம் உண்டு. சாயங்காலம் எல்லோரும் ஒரே லிஃப்டில் நெருக்கியடித்துக்கொண்டு இறங்கினோம். லிஃப்ட் முனகவில்லை. அண்ணன்தான் லேசாக முனகினார், பலகையையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். குளத்தங்கரைக்குப் போனதும் என் மகள், வயிற்றுவலியெல்லாம் எந்த ஊருக்குப் போனதோ, பெரியம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். தொப்! பின்னாலேயே என் மனைவி. தொப்! அதற்குப் பின்னால் கப்பல்காரி. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அண்ணன் தலையிலிருந்து கால்வரை நனைந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பின் அண்ணன் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். எடைஜோசியர்கள் திருந்துவதில்லை, துறை மாறுகிறார்கள். குழந்தைகளின் கன்னத்தைப் பார்த்தால் இப்போது வாயை இறுக மூடிக்கொள்கிறார், அது நிஜம். ஆனால் போன வாரம் என் கடைக்கு வந்தார். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட ஒருவர், தன் பையனுக்குக் கண்ணாடி வாங்க வந்திருந்தார். அண்ணன் பையனின் கண்ணையே உற்றுப் பார்த்து, தொண்டையைச் செருமி, அந்த மனிதரிடம் பரிவோடு கேட்டார்: "ஏங்க, இவங்க அம்மா இருட்டுல புஸ்தகம் படிப்பாங்களோ?"

அவர் கதை கிடக்கட்டும், உங்களிடம் ஒரு வார்த்தை. சுவரில் இருந்த படத்தில் எங்கள் அம்மா எப்படி இருக்கிறார் என்று நான் சொல்லவே இல்லை. ஒல்லியா, பருமனா என்று ஒரு சொல்கூட விடவில்லை. இருந்தும், அண்ணனின் விரல் நீண்ட அந்த இடத்தில், உங்கள் மனத்தில் ஓர் உருவம் வந்து நின்றதா? வரவில்லை என்றால் மிக்க மகிழ்ச்சி, போய் வாருங்கள். வந்தது என்றால் சொல்லுங்கள். அண்ணன் இப்போதெல்லாம் பேச்சுத்துணை இல்லாமல் ரொம்பத் தவிக்கிறார்.